ஒரே காயம், வேறு வேறு தீ

பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஃபோபூர் சேன் தெனி தெரு. புடவைக் கடை, நகைக் கடை, மரக்கறிக் கடை, சாப்பாட்டுக் கடை என்று லா சப்பல் மெட்ரோ வரை தமிழ்ப் பெயர்ப்பலகைகள்தான். நிலையத்துக்கு மேற்கே லாரிபுவாசியேர் மருத்துவமனை. 1832-ல் பாரிஸைச் சூறையாடிய காலராவுக்குப் பிறகு, காற்றோட்டமான தனித்தனிக் கட்டடங்களாகத் திட்டமிடப்பட்டு 1854-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து தென்கிழக்கே நடந்தால், அதே பத்தாம் வட்டாரத்துக்குள், 1607-ல் அரசாணையால் நிறுவப்பட்ட சேன் லூயி மருத்துவமனை.

இந்த அத்தியாயத்தின் கேள்வியில் ஒரு பாதி முதல் மருத்துவமனையில் ஆராயப்பட்டது. மறுபாதிக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர் இரண்டாவதில் பணியாற்றியவர். கேள்வி இதுதான். இதய பைபாஸ் அறுவைக்கு வந்த இருவருக்கு ஒரே வயது, இரத்தக் குழாயில் ஒரே அளவு அடைப்பு, ஒரே அறுவை மருத்துவர், ஒரே இதய-நுரையீரல் இயந்திரம். ஒருவர் ஒரு வாரத்தில் வீடு திரும்புகிறார். மற்றவருக்கு இரத்த அழுத்தம் சரிகிறது, இதயத்துடிப்பு தாளம் தப்புகிறது, சிறுநீரகம் தளர்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே நாட்கள் போகின்றன. ஏன் இந்த வேறுபாடு?

காரணத்தின் ஒரு பகுதி அவரவர் பிறக்கும்போதே கொண்டுவந்த மரபணு எழுத்துகளில் இருக்கிறது. அது எவ்வளவு பெரிய பகுதி, எந்தெந்த எழுத்துகள், அவற்றைத் தெரிந்துகொண்டு மருத்துவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் விஷயம் ஆழமாகிறது.

உடலுக்கு வெளியே ஓடும் இரத்தம்

விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அறிகுறிகளையும் ரோமானிய அறிஞர் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே வரிசைப்படுத்திவிட்டார். அழற்சி உடலின் காவல். காயத்தில் நுழையும் கிருமியைக் கொல்வதும், சிதைந்த திசுவை அகற்றுவதும், ஆறுவதற்கான வேலையைத் தொடங்குவதும் அதுதான். விரலில் எழுந்த அழற்சி விரலோடு நின்றுவிடும். இதய அறுவையில் எழுவது அப்படி நிற்பதில்லை.

1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத் துளையை அடைத்தார். அப்போது 26 நிமிடங்கள் அவருடைய இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரமே செய்தது. 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று அது பெருநகரங்களில் அன்றாட நிகழ்ச்சி. ஆனால் உடலைப் பொறுத்தவரை அதில் அன்றாடமானது எதுவுமில்லை.

நம் இரத்தக் குழாய்களின் உட்புறத்தை எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் அடுக்கு போர்த்தியிருக்கிறது. குழாய்க்குள் ஓடும் இரத்தம் தொட்டுப் பழகிய பரப்பு அது ஒன்றே. இதய-நுரையீரல் இயந்திரத்துக்குள் போகும் இரத்தம் பிளாஸ்டிக் குழாயையும், ஆக்சிஜன் ஏற்றும் கருவியின் நுண்ணிழைகளையும் தொடுகிறது. இது அந்நியப் பொருள் என்று இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள் உடனே கண்டுகொள்கின்றன. அவை உடைந்து சி3ஏ, சி5ஏ என்ற துண்டுகள் வெளிவருகின்றன. அவற்றின் அழைப்பில் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் தூண்டப்பட்டு, நுரையீரல், இதயம், சிறுநீரகம் என்று எங்கும் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன.

அடுத்த தாக்குதல், நிறுத்திவைத்த இதயத்துக்கு மீண்டும் இரத்தம் பாயும்போது வருகிறது. பட்டினி கிடந்த திசுவுக்கு ஆக்சிஜன் திரும்புகையில் கேடு செய்யும் வேதிப்பொருள்களும் உருவாகின்றன. இதற்கிடையே குடலுக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைவதால் அங்குள்ள பாக்டீரியாக்களின் நச்சு கொஞ்சம் இரத்தத்தில் கசிகிறது. கடைசியில், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமின் செலுத்தும்போது, நிரப்புப் புரதங்கள் மறுபடியும் கிளர்ந்தெழுகின்றன. சில மணி நேரத்துக்குள் உடலின் காவல் அமைப்புக்கு நான்கு திசைகளிலிருந்தும் அபாயச் செய்தி வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஜான் கர்க்ளின் குழு 1983-ல் இதை அளந்து காட்டியது. சி3ஏ எவ்வளவு கூடுகிறதோ, அந்த அளவுக்கு அறுவைக்குப் பின் உறுப்புகள் தளரும் அபாயமும் கூடியது. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், இரத்தம் இயந்திரத்தைத் தொட்டதற்கு உடல் தனியாக ஒரு விலை கொடுக்கிறது என்பது அதன்பின் தெளிவாயிற்று.

செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதங்களைச் சைட்டோகைன்கள் என்கிறோம். டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1, 6, 8 ஆகியவை தீயை மூட்டி வளர்ப்பவை. இன்டர்லூக்கின்-10 அடக்குவது. நலமாக இருப்பவரின் இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில பிகோகிராம் மட்டுமே இருக்கும் இன்டர்லூக்கின்-6, பைபாஸ் முடிந்த சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கில் ஏறிவிடும். அந்த ஏற்றம் எல்லோருக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை.

லா சப்பல் பூலெவாரில் ஓர் ஆய்வுக்கூடம்

அறுவையின்போது நோயாளியின் உடலைக் குளிர்விப்பது நீண்ட கால வழக்கம். குளிர்ந்த உறுப்புக்கு ஆக்சிஜன் குறைவாகப் போதும். 1990களின் தொடக்கத்தில் டொரோன்டோ மருத்துவர்கள் இதயத்தை வெதுவெதுப்பாகவே வைத்து அறுவை செய்யும் முறையைப் பரப்பினார்கள். இதயத் தசைக்கு அது நன்மை தந்தது. ஆனால் வெப்பமாக வைக்கப்பட்ட நோயாளிகள் சிலருக்கு இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிந்து, அழுத்தம் இறங்கியது.

லாரிபுவாசியேரில் அப்போது அறுவை மருத்துவராக இருந்த பிலிப் மெனாஷேயும், மருத்துவமனை வளாகத்திலேயே 41, பூலெவார் து லா சப்பல் என்ற முகவரியில் இயங்கிய, பிரெஞ்சு மருத்துவ ஆய்வு நிறுவனமான இன்செர்மின் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த அலேன் தெட்கியும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இதற்குக் காரணம் தேடினார்கள். 1994-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வின்படி, சைட்டோகைன்கள் வெளியாகும் அளவு வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறது. குழாய்கள் தளர்வதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் முன்வைத்தார்கள்.

இந்த ஆய்வில் மரபணு பற்றி எதுவும் இல்லை. ஆனாலும் மரபணுவைப் பேசுவதற்கு முன் மனத்தில் இருத்த வேண்டிய உண்மை இதில் இருக்கிறது. எவ்வளவு தீ எழும் என்பதை நோயாளியின் உடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. வெப்பநிலை, இயந்திரத்தில் கழிந்த நேரம், குழாயின் பூச்சு, கொடுத்த மருந்து என மருத்துவர் கையில் இருப்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. மரபணு எழுத்தின் விளைவு இந்தச் சூழ்நிலைக்குள்தான் வெளிப்படும்.

மடையும் எழுத்தும்

நம் மரபணுத் தொகுதி ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது. அதன் நீளம் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள். இருவரை ஒப்பிட்டால் பெரும்பாலான இடங்களில் ஒரே எழுத்துதான். சில பத்து இலட்சம் இடங்களில் மட்டும் ஒருவருக்கு ஜி இருக்கும், இன்னொருவருக்கு சி இருக்கும்.

இன்டர்லூக்கின்-6 மரபணு ஏழாம் குரோமோசோமில் இருக்கிறது. அதன் முன்னே தொடக்கப் பகுதி என்று ஒரு நீட்சி உண்டு. எப்போது, எவ்வளவு புரதம் உருவாக்க வேண்டும் என்ற ஆணை அங்கேதான் வந்து விழுகிறது. மரபணுவை வாய்க்கால் என்று கொண்டால், தொடக்கப் பகுதி அதன் மடை. மடையின் பலகை எவ்வளவு உயர்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வயலில் நீர் நிற்கும். நீர் என்னவோ அதே நீர்தான். தொடக்கப் பகுதியில், மரபணு தொடங்கும் புள்ளிக்கு 174 எழுத்துகள் முன்னால் உள்ள ஓர் இடத்தில் சிலருக்கு ஜி, சிலருக்கு சி. 572-ஆம் இடத்திலும் அதே போன்ற வேறுபாடு. தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி என்பதால் ஒருவர் ஜிஜி, ஜிசி, சிசி என்ற மூன்றில் ஒன்றாக இருப்பார்.

டிஎன்எஃப் மரபணு ஆறாம் குரோமோசோமில், நோய் எதிர்ப்பு மரபணுக்கள் நெருக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. அந்தப் பகுதியை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர் சேன் லூயி மருத்துவமனையில் பணியாற்றிய ழான் தொசே. பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டவர்களின் உடலில், பிறருடைய வெள்ளணுக்களுக்கு எதிரான புரதங்கள் உருவாவதை அவர் கவனித்தார். ஒவ்வொருவரின் வெள்ளணுவும் தனி அடையாளம் தாங்கியிருக்கிறது என்று 1958-ல் தெளிவாக்கிய அந்தக் கவனிப்பு, பின்னர் எச்எல்ஏ அமைப்பு பற்றிய அறிவாக விரிந்தது. 1980-ல் அவருக்கு நோபல் பரிசு. உறுப்பு மாற்று சிகிச்சைக்கு அடிப்படையான அந்த அறிவு, மனிதர்களின் காவல் அமைப்பு பிறவியிலேயே வேறுபட்டது என்பதையும் நிறுவியது.

அப்படியானால் அந்த வேறுபாட்டை அளப்பது எப்படி? சளி பிடித்தவரிடம் அளந்தால், கிருமி எப்போது நுழைந்தது, எவ்வளவு நுழைந்தது என்று யாருக்கும் தெரியாது. இதய அறுவையில் எல்லாம் தெரியும். காயத்தின் நேரம் நிமிடக் கணக்கில் பதிவாகிறது. முன்னும் பின்னும் இரத்த மாதிரி கிடைக்கிறது. ஓய்வில் மறைந்திருக்கும் வேறுபாடு, தூண்டல் வந்ததும் வெளியே தெரிகிறது. அழற்சியை ஆராயும் மரபியலாளர்கள் இதய அறுவைக் கூடத்தை நாடி வந்தது இதனால்தான்.

லண்டன் சொன்னதும் ரோம் சொன்னதும்

2001-ல் லண்டன் ஆய்வாளர்கள் பைபாஸ் நோயாளிகளை அறுவைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு முடிவை வெளியிட்டார்கள். 174-ஆம் இடத்தில் சிசி உள்ளவர்களுக்கும், 572-ஆம் இடத்தில் சி உள்ளவர்களுக்கும் அறுவைக்குப் பின் இன்டர்லூக்கின்-6 கூடுதலாக ஏறியது.

2003-ல் ரோமிலிருந்து வந்த ஆய்வு 110 பைபாஸ் நோயாளிகளைப் பார்த்தது. அங்கே 174-ஆம் இடத்தில் ஜிஜி உள்ளவர்களுக்கே அளவு அதிகம். அறுவைக்குப் பின் இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் அவர்களுக்கே அதிகமாக வந்தது. ஒரே மரபணு, ஒரே இடம், ஒரே வகை அறுவை. முடிவுகள் மட்டும் எதிரெதிர்.

யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று இதை ஒதுக்கிவிடக் கூடாது. முதலாவதாக, எழுத்துகள் தனித்து வேலை செய்வதில்லை. தொடக்கப் பகுதியிலுள்ள பல எழுத்துகள் சேர்ந்தே விளைவைத் தருகின்றன என்பதையும், ஒரே சேர்க்கை இரண்டு வகைச் செல்களில் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது என்பதையும் 2000-ல் வந்த ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. இரண்டாவதாக, மாதிரி எடுத்த நேரம், உடலின் வெப்பநிலை, கொடுத்த மருந்து எல்லாம் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். மூன்றாவது காரணம் எண்ணிக்கை. நூறு பேரை மூன்று வகையாகப் பிரித்தால் ஒரு வகையில் பத்துப் பேர்கூட மிஞ்சாமல் போகலாம். அந்தச் சிலருக்குத் தற்செயலாக நேர்ந்தது மரபணுவின் விளைவைப் போலத் தோற்றமளிக்கும்.

பெரிய ஆய்விலும் இந்தச் சிக்கல் தொடரும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2005-ல் 1,600-க்கும் மேற்பட்ட இதய அறுவை நோயாளிகளை ஆராய்ந்தது. சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தின் மரபணுவிலும் இன்டர்லூக்கின்-6 மரபணுவிலும் குறிப்பிட்ட எழுத்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களுக்குப் பக்கவாத அபாயம் மூன்று மடங்குக்கும் மேல் என்று கண்டது. கவனத்துக்குரிய முடிவுதான். ஆனால் அத்தனை பேரில் பக்கவாதம் வந்தவர்கள் 28 பேர். கணக்கு முழுவதும் அந்த 28 பேரின் மேல் நிற்கிறது.

எண்ணிக்கை போதுமான இடத்தில் மரபணு தெளிவாகப் பேசுகிறது. 2012-ல் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோரின் தரவைச் சேர்த்து ஆராய்ந்தபோது, இன்டர்லூக்கின்-6 வந்து இணையும் ஏற்பியின் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட எழுத்துள்ளவர்களுக்கு அழற்சியும் குறைவு, மாரடைப்பு நோயும் சற்றே குறைவு என்று உறுதியானது. பயன் சிறியது, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாதது. அழற்சி இதய நோயின் உடன்வரும் அடையாளம் மட்டுமல்ல, அதன் காரணங்களில் ஒன்று என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

ஓர் எழுத்தே போதுமான இடம்

ஒரே எழுத்து அறுவைக் கூடத்தில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும் இடமும் உண்டு. அதற்கான நல்ல சான்று நம் ஊரிலேயே கிடைத்தது. மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் மருந்தைப் பலரும் ஸ்கோலின் என்றே அறிவார்கள். அதன் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும், ஏனெனில் இரத்தத்திலுள்ள ஒரு நொதி அதை உடைத்துவிடும். வைசிய சமூகத்தைச் சேர்ந்த சிலருக்கு மட்டும் மருந்தின் பிடி மணிக்கணக்கில் நீடிப்பதை மயக்கவியல் மருத்துவர்கள் கவனித்து வந்தார்கள். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2006-ல் காரணத்தை வெளியிட்டார்கள். அந்த நொதியின் மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால், 307-ஆம் இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் அமர்ந்து, நொதி செயலிழந்திருந்தது.

இங்கே ஒரு மரபணு, ஒரு மருந்து, நேரான விளைவு. மருத்துவர் மருந்தை மாற்றினால் போதும், ஆபத்து நீங்கிவிடும். அழற்சி அப்படிப்பட்டதல்ல. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் பங்குபெறும் அதில் ஒவ்வோர் எழுத்தும் சிறிதளவே தள்ளும். சூழ்நிலை அதைக் கூட்டும், குறைக்கும். இந்த இரண்டு வகையையும் குழப்பிக்கொள்பவர்கள்தான், ஒரு சொட்டு இரத்தத்தில் எதிர்காலம் முழுவதையும் சொல்லிவிடலாம் என்று நம்புகிறார்கள்.

கணக்கில் தமிழர் எங்கே?

தொசே 1984-ல் சேன் லூயிக்கு அருகே சிஈபிஎச் என்ற ஆய்வு மையத்தை நிறுவினார். பெரிய குடும்பங்களின் மரபணு மாதிரிகளைச் சேர்த்து, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்குப் பகிர்ந்த மையம் அது. பின்னாளில் ஆயிரம் மரபணுத் தொகுதித் திட்டம் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் எழுத்துகளைப் படித்து 2015-ல் வெளியிட்டபோது, ஐரோப்பிய வம்சாவளிக் குழுக்களில் ஒன்று இந்த மையத்தின் சேகரிப்பிலிருந்து எடுத்த யூட்டா குடும்பங்களால் ஆனது. அதே திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரும் ஒரு தனிக் குழுவாக இடம்பெற்றார்கள். லா சப்பலுக்கு வந்த அதே புலம்பெயர்வு பிரிட்டனுக்குக் கொண்டுபோன மனிதர்கள் அவர்கள்.

அந்தத் தரவு நமக்கு ஒரு முக்கியமான பாடம் தருகிறது. இன்டர்லூக்கின்-6 மரபணுவின் 174-ஆம் இடத்தில் சி எழுத்து, ஐரோப்பிய வம்சாவளியினரிடம் நூறு பிரதிகளில் சுமார் 40-ல் இருக்கிறது. தெற்காசியரிடம் சுமார் 14-ல். கிழக்காசியரிடம் ஏறத்தாழ இல்லவே இல்லை. இரண்டு பிரதியிலும் சி இருப்பவர்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஐரோப்பாவில் நூறு நோயாளிகளில் ஏறக்குறைய 16 பேர். தெற்காசியரில் இரண்டே பேர். லண்டன் ஆய்வைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அதே துல்லியத்தோடு செய்ய வேண்டுமானால், எட்டு மடங்கு நோயாளிகள் வேண்டும். அங்கே முக்கியமாகத் தெரிந்த எழுத்து இங்கே அரிது. இங்கே பரவலாக உள்ள வேறு எழுத்துகளை அங்கே யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

தேடினால் கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இதயத் தசையின் எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு வகை, தெற்காசியரில் நூற்றில் சுமார் நான்கு பேரிடம் இருக்கிறது. அது இதயத் தசை நோய்க்கான அபாயத்தைக் கூட்டுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பங்கேற்ற பன்னாட்டுக் குழு 2009-ல் இதை நிறுவியது. ஐரோப்பியரை மட்டுமே ஆராய்ந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. இப்போது ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து முடித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அகராதி கைக்கு வந்துவிட்டது. அறுவைக்குப் பின் யாருக்கு என்ன நேர்ந்தது என்ற பதிவோடு அதை இணைத்துப் படிக்கும் வேலை இனிமேல்தான் பெரிய அளவில் நடக்க வேண்டும்.

மருத்துவருக்கும் நோயாளிக்கும்

அழற்சிதான் சிக்கல் என்றால் எல்லோருக்கும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடலாமே? நெதர்லாந்தில் 4,494 பேரிடமும் (2012), 18 நாடுகளில் 7,507 பேரிடமும் (2015) இதைச் சோதித்தார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம், உறுப்புத் தளர்ச்சி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது இரண்டு சோதனைகளிலும் நம்பத்தக்க பயன் தெரியவில்லை. காயம் ஆறவும் அழற்சி வேண்டும் என்பதை இங்கே மறக்கக் கூடாது. தீ மிகுந்து எழுபவருக்கு மருந்து உதவி, அளவோடு எழுபவருக்கு அதே மருந்து கேடு செய்திருந்தால், சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். இது இன்னும் நிறுவப்படாத சாத்தியம்தான். ஆனால் சோதித்துப் பார்க்கத் தகுந்தது. மரபணு அறிவின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கக்கூடும்.

ஆகவே இன்று பைபாஸுக்குத் தயாராகும் ஒருவர் அழற்சி மரபணுச் சோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. புகைப்பதை நிறுத்துவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதும், பல் ஈறிலோ வேறெங்கேனுமோ தொற்று இருந்தால் முன்கூட்டியே ஆற்றிக்கொள்வதும் அதைவிடப் பெரிய உதவி. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் வந்திருந்தால், கேட்கும்வரை காத்திராமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். அறுவைக்கு முன் ஆய்வுக்காக ஒரு குழாய் இரத்தம் தர முடியுமா என்று மருத்துவமனை கேட்டால், தகவலின் பாதுகாப்பு பற்றி விசாரித்துத் தெளிந்தபின் சம்மதிக்கலாம். மருத்துவமனைகளும் கேட்க வேண்டும்: சென்னையில், வேலூரில், யாழ்ப்பாணத்தில், பாரிஸில். இதய நோய் தெற்காசியரைப் பிறரைவிடக் குறைந்த வயதிலேயே தாக்குகிறது. அறுவை மேசைக்கு இத்தனை பேரை அனுப்பும் ஒரு மக்கள், அந்த மேசையில் பிறக்கும் அறிவில் ஒரு சிலராக மட்டும் இருப்பது போதாது. அவரவர் தீ எவ்வளவு உயரம் எழும் என்பதை முன்கூட்டியே அறிந்து, வெப்பநிலையையும் மருந்தையும் இயந்திர நேரத்தையும் அதற்கேற்ப மாற்றும் காலம் வரும். அது தமிழ் நோயாளிக்கும் சேர்ந்து வர வேண்டுமென்றால், தமிழ் நோயாளிகளின் அளவுகள் அந்த ஆய்வுகளில் இருந்தாக வேண்டும்.